நள்ளிரவு மணி

முத்துப்பேட்டைப் பக்கத்தில் ஏதேனும் ஒரு பழைய ஹோட்டல் கட்டடத்தைக் காட்டி, "இதை எப்போது கட்டினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "அது அந்தக் காலத்துக் கட்டடம், ஐயா!" என்று பதில் வரும். அந்தக் காலம் எந்தக் காலம் என்று சொல்வாரைக் காண்பது அரிது. சீமையிலே இரண்டு நூறு வருஷத்து விடுதிக்குப் புஸ்தகமே எழுதி வைத்திருப்பார்கள். நம் சோழ நாட்டு விடுதிகளுக்குச் சரித்திரம் இல்லையா? பேஷாக இருக்கிறது. 'ஹோட்டல்' என்ற பெயரை விட்டு, 'சத்திரம்' என்ற பெயரில் அதைத் தேட வேண்டும்.

முத்துப்பேட்டையிலிருந்து கடலோரமாகச் செல்லும் சாலை அதிராம்பட்டினம், ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மீமிசல் வழியாக ராமேசுவரத் திசையை நோக்கிப் போகிறது. ஊரின் பெயரிலேயே சத்திரம் இருப்பதைக் கவனியுங்கள். உள்நாட்டு வழியில், தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே, ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் 1802-ல் ஏற்படுத்திய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. யானைகளும் குதிரைகளும் இழுக்கும் ரதத்தைப் போல் அமைந்த அதன் மண்டபத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

ஆனால் கட்டடம் தன் கதை முழுவதையும் சொல்லிவிடாது. அங்கே என்ன நடந்தது என்பதைக் காகிதத்தில்தான் தேட வேண்டும்.

1799-ம் வருஷத்து உடன்படிக்கையினால் தஞ்சை ராஜ்யம் கும்பெனியார் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியவை கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லக்ஷம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குமே. இந்த நிலையில் 1801-ல் அவர் ரெஸிடெண்டு துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களைத் தம் நிர்வாகத்திலேயே விட்டுவைக்கும்படி கேட்டுக் கொண்டார். அங்கே நடப்பவற்றையும் விவரித்தார். வழிப்போக்கர் எந்த ஜாதியாராயினும் சோறு உண்டு. சமைத்த அன்னம் வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் உண்டு. நோயாளிக்கு வைத்தியர், குழந்தைக்குப் பால், அநாதைச் சிறுவருக்கு உபாத்தியாயர். நள்ளிரவு வரையில் அன்னமிட்ட பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்களாம்!

தமக்காக வாதாடுகிறவர் சற்றுக் கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று வாசகர்கள் சந்தேகிக்கலாம். நியாயமான சந்தேகந்தான். அதைத் தீர்ப்பதற்குக் கணக்குகள் இருக்கின்றன. மராட்டியர் எழுதிய மோடி எழுத்தில், சத்திரச் செலவு விவரங்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1989-ல் மோடி ஆவணங்களைத் தமிழாக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். கடிதத்தில் உள்ள தர்மத்தைக் கணக்கிலுள்ள செலவோடு ஒத்துப் பார்ப்பதே சரித்திர ஆராய்ச்சி. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நாம் எண்ணிவிட வேண்டாம். அந்தச் செலவுக்கு வரி கொடுத்த குடியானவனையும் மறக்க வேண்டாம்.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. சேது யாத்திரிகர்கள் வண்டியேறிப் போனார்கள். கால்நடைப் பாதையில் கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்த விடுதியின் கதையையும் ஊரார் மறப்பது இயல்பே.

ஆகையால் நாம் கேட்டுக் கொள்வது ஒன்றுதான். உங்கள் ஊரில் ஒரு பழைய விடுதியை இடிக்கப் போகிறார்களா? முதலில் வாசற்படிக்கு மேலே கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருக்கும். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பழைய பத்திரங்களைத் தேடச் சொல்லுங்கள். வீட்டுப் பெட்டியில் உறங்கும் கணக்கு நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊரிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ராஜ்யத்தை இழந்த மன்னர் ஒருவர் அன்னியரிடம் எதற்காக வாதாடினார் என்பது, ஒரு காகிதம் பிழைத்துக் கிடந்ததனால் அல்லவா நமக்குத் தெரிந்தது?