சரக்கு விமானம்‘தானே’!

போன ஞாயிற்றுக்கிழமை தம்மம்பட்டியில் எங்கள் வாசகர் கூட்டத்தில் நண்பர் ஒருவர் விமான விபத்துகளைப் பற்றி வெளுத்து வாங்கினார். சரக்கு விமானத்தில் இருப்பது இரண்டு மூன்று பேர்தானே, முப்பது வருஷத்து விமானமானால் என்ன, நாமக்கல் லாரி பழசானால் ஓடாமலா நிற்கிறது என்றார். இன்ஜின் கழன்று விழுவதெல்லாம் விதி என்றார். சோதனைக்கு மேல் சோதனை வைத்தால் கூலி ஏறி, நம்மூர் மரச்சிற்பம் வெளிநாடு போகாது என்றும் முடித்தார். கைதட்டல் வேறு. அன்று நான் வாய்மூடி உட்கார்ந்திருந்தது தப்பு.

முதலில் அந்தத் ‘தானே’. 2025 நவம்பர் 4, அமெரிக்காவின் லூயிவில். யுபிஎஸ் நிறுவனத்தின் எம்.டி-11 சரக்கு விமானம் மேலெழும்பும்போது இடது இன்ஜின், தன்னைத் தாங்கும் பைலானோடு பிய்ந்துபோனது. விமானத்தில் இருந்தவர்கள் 3 பேர்; செத்தவர்கள் 15 பேர். மற்ற 12 பேரும் தரையில் இருந்தவர்கள். 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் எல் அல் சரக்கு விமானம் அடுக்குமாடி வீடுகள்மேல் விழுந்ததில் உள்ளே 4 பேர், வெளியே 39 பேர். நண்பர் அடுத்த முறை சென்னை போனால் விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரத்தில் இறங்கி ஒரு தடவை அண்ணாந்து பார்க்கட்டும்.

விதிக்கு வருவோம். 1979 மே 25, சிகாகோ. எம்.டி-11க்கு முந்தைய தலைமுறையான டி.சி-10 பயணிகள் விமானம். இன்ஜினை முதலில், பைலானைப் பிறகு கழற்று என்றது தயாரித்த கம்பெனி. விமான நிறுவனத்தாரோ, சுமார் 200 ஆள்மணி மிச்சமாகுமே என்று இரண்டையும் சேர்த்து ஃபோர்க்லிஃப்டில் ஏந்திக் கழற்றி மாட்டினார்கள். அதில் பைலானின் பின்பக்கம் விரிசல் விட்டது. எட்டே வாரம். ஓடுதளத்தில் இன்ஜின் பிய்ந்தபோது ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்துக்கொண்டு போனது. மற்ற இரண்டு இன்ஜின்கள் ஓடியும் விமானம் 31 விநாடிதான் பறந்தது. 273 உயிர். விதிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

லாரி உவமை அருமை; அவரையே முட்டுகிறது. எட்டு வருஷம் தாண்டிய லாரி வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போய் நிற்க வேண்டும். டீக்கு நிறுத்தினால்கூட கிளீனர் பையன் லிவரால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பான். லூயிவில் விமானத்துக்கு வயது 34; 21,043 முறை ஏறி இறங்கியிருந்தது. பைலானை இறக்கையோடு பிணைக்கும் பின்பக்கக் காதுகளில் உலோகம் களைத்து விரிசல் கண்டிருந்தது. அந்தக் காதுகளை நுணுக்கமாகச் சோதிக்கக் கெடு எப்போது தெரியுமா? 29,200வது சுற்றில். ஆக, விதிமுறைப் புத்தகப்படி எல்லாம் சுத்தம்! இன்னும் கேளுங்கள்: அந்த இடத்து பேரிங் வேறு மூன்று விமானங்களில் நான்கு முறை உடைந்ததைப் பற்றி 2011லேயே போயிங் கடிதம் அனுப்பியிருக்கிறது. பறப்பதற்கு ஆபத்தில்லை என்ற வரியோடு. சோதனை அதிகமாம் நண்பருக்கு.

கடைசியாக, நம்மூர்ச் சிற்பம். போன மாதம் நானும் அவரும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தோம். யாளி செதுக்க எடுத்த வாகைப் பலகையை ஆசாரி விரல் முட்டியால் தட்டினார், திருப்பிப் போட்டு மறுபடி தட்டினார், நகத்தால் ஒரு மயிரிழைக் கீறலைத் தடவினார். பிறகு பேசாமல் அதை விறகுப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு வேறு பலகை எடுத்தார். கூலி ஏறுமே ஆசாரி என்று அப்போது நண்பர் கேட்கவில்லை.