11 ரேஸ் ஜெயிச்சும் பட்டம் போச்சு... மோட்டோஜிபியில் யாரு ஃபார்ம்ல இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

டெல்டாவில் சம்பா அறுவடை மெஷின் வயல்ல இறங்கியிருக்கிற நேரம். மோட்டோஜிபிக்கு இது லீவு காலம். 2026 சீசனின் முதல் ரேஸ் மார்ச் 1-ம் தேதி தாய்லாந்தின் புரிராமில். அதுவரைக்கும் தஞ்சாவூர் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே சண்டைதான். மார்க் மார்க்கேஸா, பெக்கோ பன்யாயாவா, இல்ல வேற யாராவதா? இப்போ யாரு ஃபார்ம்ல இருக்கா?

உடனே பாயின்ட்ஸ் டேபிளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீட்டுறவங்கதான் அதிகம். 2025-ல் மார்க்கேஸ் 545, பன்யாயா 288. கதை முடிஞ்சதுன்னு தோணும். ஆனா, ஒரு வருஷம் பின்னாடி போய் 2024 டேபிளைப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை நடக்கிற 20 கிராண்ட் ப்ரீயில் 11-ஐ ஜெயிச்சவர் பன்யாயா. ஹோர்ஹே மார்ட்டின் ஜெயிச்சது வெறும் 3. சாம்பியன் யாருன்னா... மார்ட்டின்! 508-க்கு 498. பத்தே பாயின்ட்.

எப்படி? சனிக்கிழமையில இருக்கு விஷயம். 2023-லிருந்து ஒவ்வொரு ரவுண்டிலும் சனிக்கிழமை ஒரு ஸ்பிரின்ட் ரேஸ் உண்டு. பாதி தூரம், ஜெயிச்சா 12 பாயின்ட். ஞாயிறு ரேஸ் முழு தூரம், ஜெயிச்சா 25. நம்ம ஊர் பாஷையில சொன்னா, சனிக்கிழமை குறுவை, ஞாயிறு சம்பா. குறுவை போனா போகுது, சம்பாவில் பிடிச்சுக்கலாம்னு இருந்தா என்ன ஆகும்னு டெல்டாக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2024 மே மாசம், கேடலூன்யா ஸ்பிரின்ட். கடைசி லேப்ல பன்யாயாதான் முதல் இடம். ஒரு திருப்பத்துல முன் சக்கரம் வழுக்க, ஆள் கீழே. அடுத்த நாளே அதே டிராக்குல கிராண்ட் ப்ரீயை ஜெயிச்சார்ங்கிறது வேற விஷயம். ஆனா, அந்தச் சனிக்கிழமை போன 12 பாயின்ட் திரும்ப வரல. பட்டம் போனது 10 பாயின்ட்ல! மார்ட்டினோ ஜெயிக்காத ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரெண்டாவது, மூணாவதுன்னு வந்துக்கிட்டே இருந்தார். இதுவும் ஃபார்ம்தான். ஹைலைட்ஸ் வீடியோவுல தெரியாத ஃபார்ம்.

சரி, அப்போ எதை வெச்சுத்தான் ஒப்பிடுறது? என்னைக் கேட்டா, முதல்ல டீம்மேட்டைப் பாருங்க. ஒரே வாய்க்கால் தண்ணி, ஒரே ஆடுதுறை 43 விதை, அடுத்தடுத்த வயல். ஒருத்தர் வயல்ல பயிர் சாஞ்சு கிடக்கு, இன்னொருத்தர் வயல்ல நிக்குதுன்னா, அப்பதான் கை வித்தியாசம் தெரியும். 2025-ல் சிவப்பு டுகாட்டி டீம்ல நடந்தது அதுதான். ஒரே கம்பெனி, ஒரே கராஜ். மார்க்கேஸ் 11 ஞாயிறு ரேஸும் 14 ஸ்பிரின்ட்டும் ஜெயிச்சார். பன்யாயா ஜெயிச்ச ஞாயிறு ரேஸ் ரெண்டே ரெண்டு. அதிலும் ஒண்ணு, முன்னாடி போய்க்கிட்டிருந்த மார்க்கேஸ் ஆஸ்டின்ல விழுந்ததால கிடைச்சது. இதைவிடக் கஷ்டம், முந்தின வருஷத்து டுகாட்டியை ஓட்டின அலெக்ஸ் மார்க்கேஸ் 467 பாயின்ட்டோட ரெண்டாவது இடம் வந்தது.

அப்போ பன்யாயா ஓட்ட மறந்துட்டாரா? அப்படி இல்ல. அவர் பலமே பிரேக்கிங். மத்தவங்களைவிடத் தாமதமா பிரேக் பிடிச்சு, முன் சக்கரத்தை நம்பித் திருப்பத்துக்குள்ள இறங்குறவர். 2025 பைக்ல அந்த முன் சக்கர நம்பிக்கை அவருக்குக் கிடைக்கவே இல்ல. மழை பெஞ்ச வரப்புல சைக்கிள் ஓட்டியிருந்தா இது புரியும். முன் சக்கரம் எப்ப வழுக்கும்னு தெரியலைன்னா, கை தானா இறுகிடும். மார்க்கேஸுக்கு அந்தப் பிரச்னை குறைவு. முன் சக்கரம் வழுக்கினாலும் முழங்கை, முழங்காலை ஊனியே வண்டியை நிமிர்த்துற ஆள் அவர்.

ஃபார்ம் எவ்வளவு லேசான நூல்ல தொங்குதுன்னு பார்க்கணும்னா, போன செப்டம்பர் 28 ஜப்பான் ரேஸ். மொடெகியில ஸ்பிரின்ட், கிராண்ட் ப்ரீ ரெண்டையும் பன்யாயாதான் ஜெயிச்சார். ஒரே வாரம் கழிச்சு இந்தோனேசியா ஸ்பிரின்ட்ல கடைசி ஆளா வந்தார். அங்கிருந்து சீசன் முடியிற வரைக்கும் அஞ்சு ஞாயிறு ரேஸ்ல ஒண்ணைக்கூட முடிக்கல. நடுவுல செபாங் ஸ்பிரின்ட்டை மட்டும் ஜெயிச்சார். இதுக்கு என்ன பேர் வைக்கிறது?

மார்க்கேஸ் பக்கமும் நிம்மதி இல்ல. 2020 ஹெரெஸ்ல வலது மேல்கை எலும்பு உடைஞ்சு, 4 ஆபரேஷன், ஆறு வருஷமா பட்டம் இல்லாம இருந்துட்டு, அதே மொடெகியில சாம்பியன் ஆனார். அடுத்த வாரமே இந்தோனேசியாவில் பெஸ்ஸெக்கி பைக் இடிச்சு, வலது தோள்ல அடி. மிச்ச 4 ரவுண்டும் ஓட்டல. அவருடைய 545-ங்கிறது அடிபடுறதுக்கு முந்தின தோளோட கணக்கு.

அதனால, இப்போதைக்கு என் ஓட்டு அந்த மார்க்கோ பெஸ்ஸெக்கிக்கு. டுகாட்டி இல்லாம, அப்ரிலியாவுல 3 ரேஸ் ஜெயிச்சார். சீசனோட கடைசி ரெண்டும் அதுல அடக்கம். 2023-ல் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் நடந்த ஒரே இந்திய மோட்டோஜிபியை ஜெயிச்சதும் இவர்தான்.

நம்ம பசங்க? சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-லேயே 125சிசி உலக சாம்பியன்ஷிப்பில் இறங்கியவர். ஆனா, இங்கே திறமையை அளக்க மோட்டோஜிபியைவிட நேர்மையான இடம் ஒன் மேக் ரேஸ். எல்லாருக்கும் ஒரே பைக். டிவிஎஸ் ஆசியா ஒன் மேக் சாம்பியன்ஷிப்பில் எல்லாரும் ஓட்டுறது ஆர்ஆர் 310. 'அவன்கிட்ட நல்ல வண்டி'ன்னு சாக்குச் சொல்ல முடியாது. தஞ்சாவூர்ல டிராக் கிடையாது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே, இல்லைன்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, அங்கேதான் போகணும். பைபாஸ்ல 140 போனேன்னு ஸ்டேட்டஸ் போடுற தம்பிக்கு லேப் டைமும் கிடையாது, மார்ஷலும் கிடையாது. மோட்டோஜிபி ரைடர் போடுற சூட்ல ஏர்பேக் 2018-லிருந்து கட்டாயம். நம்மகிட்ட ஹெல்மெட்டே டேங்க் மேலதானே உட்கார்ந்திருக்கு?

2027-ல் 850சிசி இன்ஜின், புது டயர்னு விதியே மாறுது. அதனால, இந்த சீசன்ல யாரும் டீம் ஒப்பந்தத்தை மனசுல வெக்காம ஓட்ட மாட்டாங்க. பன்யாயாவுக்கு அந்த அழுத்தம் இன்னும் அதிகம். புரிராம் சனிக்கிழமை ஸ்பிரின்ட்ல ரெண்டு சிவப்பு டுகாட்டிக்கும் நடுவுல எத்தனை செகண்ட்னு மட்டும் குறிச்சு வெச்சுக்கங்க.