வெள்ளிக் காசைத் துலக்காதீர்கள்!

மாணவ நண்பர்களே, உங்களில் சிலருக்குப் பழங்காசு சேர்க்கும் பழக்கம் இருக்கும். ரோமானிய வெள்ளிக் காசு ஒன்று கைக்கு வந்தால், முதல் வேலையாகத் திருநீறோ பற்பொடியோ போட்டுப் பளபளவென்று துலக்குகிறவர்கள் உண்டு. படித்த பெரியவர்களும் இதைச் செய்கிறார்கள். கூடவே கூடாது என்பது என் கட்சி.

காசின் மேலுள்ள கருமை அழுக்கு என்றா நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அது வெள்ளி சல்பைடு. அதன் எடையில் 87 சதவீதம் வெள்ளியே! தேய்க்கும்போது போவது காசின் உலோகம். தெனாரியஸ் எனப்படும் இக்காசுக்கு எடைதான் உயிர். அகஸ்டஸ் காலத்தில் அது சுமார் 3.9 கிராம், ஏறக்குறைய சுத்த வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ மன்னன் அதைச் சுமார் 3.4 கிராமாகக் குறைத்தான். செம்பையும் கலந்தான்.

எவ்வளவு செம்பு? இங்கேதான் வேடிக்கை. கலப்பு வில்லையைக் காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாக மாறும். அமிலத்தில் இட்டால் அது கரைந்துவிடும். வெள்ளித் தோல் மட்டும் மிஞ்சும். அதன்மேல் முத்திரை குத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? இருபதாம் நூற்றாண்டில் எக்ஸ் கதிர்களால் மேற்பரப்பைச் சோதித்தவர்களே ஏமாந்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளி என்றார்கள். பின்னர் கெவின் புட்சர், மாத்யூ பான்டிங் என்னும் ஆய்வாளர்கள் விளிம்பில் நுண்துளையிட்டு உள் உலோகத்தை ஆராய்ந்தார்கள். வெள்ளி சுமார் 80 சதவீதம்தான்!

“துளையிடுவது மட்டும் சேதமில்லையா, ஐயா?” என்பீர்கள். சேதம்தான். ஆனால் அந்தத் துளை உலகத்துக்கு ஓர் உண்மையைத் தந்தது. திருநீறு என்ன தந்தது?

நம் கோவை வட்டாரத்துப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் காசுகளே மிகுதி. செம்பு கலக்காத பழைய வெள்ளியை வணிகர்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். அதை எடைபோட்டுச் சோதிக்கத் துலக்காத காசுகள் வேண்டும்.

உங்களிடம் காசு இருந்தால் எடை, விட்டம், கிடைத்த இடம் மூன்றையும் குறித்து, காசைத் தனிக் காகித உறையில் வையுங்கள். எடைக்கு உங்கள் பள்ளி ஆய்வகத் தராசே போதும். மண்ணைத் தோண்டும்போது புதையலாகவே அகப்பட்டால் அது உங்கள் சேகரிப்புக்கு உரியதல்ல. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மண் ஒட்டியபடியே கொடுங்கள்.