குதிரையேறும் அம்மா யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு சிறு நகரம். அங்கே ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குச் சக்கர நாற்காலி. பள்ளிக்கூடத்தோடு அம்மாவுக்கு ஓயாத கடிதப் போர். சாய்தளம் இல்லாத நூலகம், பழுதாகிப் போன லிஃப்ட், வருடா வருடம் உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டிய தனிக் கல்வித் திட்டக் கூட்டம் என்று எதையும் விட மாட்டார். மற்ற பெற்றோருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். அதே அம்மா சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் குதிரையேற்றத்துக்குப் போகிறார். ராத்திரி மகன் தூங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறார்.

இவரைப் பார்த்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இதுக்கெல்லாம் உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்குது?"

பார்க்கக் கேள்வி மாதிரிதான் தெரியும். உண்மையில் அது தீர்ப்பு. நல்ல அம்மாவாக இருந்தால் நேரம் கிடைத்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அதே வீட்டு அப்பா வாரம் தவறாமல் மீன் பிடிக்கப் போகட்டும். "பாவம், மனுஷனுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா" என்று அதே வாய் சொல்லும்!

கொஞ்சம் நாகரிகமானவர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள். 'சமநிலை' வேண்டுமாம். ஒரு தட்டில் பிள்ளையும் போராட்டமும், மறு தட்டில் குதிரையும் கேமும். இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம் இறங்கும். எனவே குதிரைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையிடமிருந்து திருடியது. இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். தட்டுகளை எப்படிச் சரி செய்வது என்று புத்தகம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தராசே கோணல் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஏன் கோணல்? மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவில் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் 1971-இல் மாநில அரசின் மீது வழக்குப் போட்டது. எங்கள் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்துக்கொள் என்பதுதான் கோரிக்கை. அந்த மாதிரிப் பெற்றோர்களின் அலைச்சலில் பிறந்ததுதான், எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்ற 1975-ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டம். 1990-இல் வந்த சட்டம் தியேட்டர், பூங்கா, ஹோட்டல் வரைக்கும் போனது. 2006-இல் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பொழுதுபோக்கையும் விளையாட்டையுமே உரிமை என்கிறது. மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் விளையாட வழி செய்ய வேண்டும் என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறது.

ஆக, விளையாட்டு என்பது போராட்டத்துக்கு நடுவே அடிக்கும் லீவு கிடையாது. போராட்டமே அதற்காகவும்தான். அப்படியிருக்க, 'என் மகனுக்கு விளையாடும் உரிமை வேண்டும்' என்று மேடையில் பேசுகிற அம்மா, தனக்கு மட்டும் அது கூடாது என்று வீட்டில் நடந்துகொண்டால் அந்த மகன் எதைக் கற்றுக்கொள்வான்? விளையாட்டு என்பது சும்மா பேச்சுக்குத்தான் என்று கற்றுக்கொள்வான். அதைவிட மோசமான ஒன்றையும் கற்றுக்கொள்வான். 'என்னால்தான் அம்மா குதிரையை விட்டாள்.' எந்தப் பிள்ளையும் சுமக்கக் கூடாத சுமை அது. தியாகத்தைப் புகழ்கிறவர்கள் யாரும் இந்த பில்லை யார் கட்டுவது என்று கேட்பதில்லை.

குதிரைக் கதைக்கு வருவோம். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல். நல்ல குதிரையேற்ற வீராங்கனை. 1944-இல், இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த நேரத்தில், போலியோ தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே பலம் இல்லை. இரண்டு சின்னக் குழந்தைகள், ஊன்றுகோல், செயலிழந்த கால்கள். இந்த நிலையில் ஒரு பெண் "நான் மறுபடி குதிரை ஏறப் போகிறேன்" என்றால் எந்த ஊரும் என்ன சொல்லியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஏறினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் பிரிவில் வெள்ளி வென்றார். குதிரையைச் சொன்ன பேச்சு கேட்கவைத்து நுணுக்கமாக நடத்திக் காட்டும் போட்டி அது. அதுவரை ராணுவ அதிகாரிகள் மட்டுமே ஆடிய அந்தப் பிரிவில் பெண்களுக்கு இடம் கிடைத்ததே அந்த வருடம்தான். ஆண்களோடு சேர்ந்தே போட்டி. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டும். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர்தான் அவரைப் பதக்க மேடைக்கு ஏற்றிவிட்டார். 1956-இல் மறுபடியும் வெள்ளி.

இதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஹார்ட்டெலின் வெற்றியைப் பார்த்து ஐரோப்பாவில் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்தும் மையங்கள் வளர ஆரம்பித்தன. நல்ல விஷயம்தான், யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெண் ஜெயிக்கப் போனவர், மருந்து சாப்பிடப் போனவர் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை மாற்றுத்திறனாளி குதிரையேறினால் 'தெரபி', நீந்தினால் 'தெரபி', படம் வரைந்தால் 'தெரபி'. மற்றவன் செய்தால் மட்டும் 'ஹாபி'! அம்மாவுக்கும் இதே தண்டனைதான். "மன அழுத்தம் குறையத்தான் குதிரை ஓட்டுகிறேன், அப்போதுதான் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும்" என்று சொன்னால் ஊர் மன்னித்துவிடும். "எனக்குப் பிடிக்கும்" என்று சொன்னால் மன்னிக்காது.

ஏன் சொல்லக் கூடாது? பிடிக்கும் என்பதைவிடப் பெரிய காரணம் விளையாட்டுக்கு எதற்கு? 1996 அட்லாண்டாவில் பாராலிம்பிக்கில் குதிரையேற்றம் சேர்க்கப்பட்டது. அந்த ஆட்டத்தின் விதிகளைப் பார்த்தால் ஒன்று புரியும். கையில் பிடி இல்லாதவர் கடிவாள வாரில் வளையம் போட்டுக்கொள்ளலாம். காலால் சைகை கொடுக்க முடியாதவர் இரண்டு கையிலும் சவுக்கு வைத்துக்கொள்ளலாம். பாதம் அங்கவடியில் நிற்க ரப்பர் பேண்ட் கட்டலாம். அங்கே யாரும் இவர்களைக் குணப்படுத்த முயலவில்லை. ஆடுவதற்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்துவிட்டு, எப்படி ஆடினாய் என்று மட்டும் மார்க் போடுகிறார்கள். மரியாதை என்றால் அதுதான்.

அடுத்து வீடியோ கேம். குதிரையையாவது 'உடற்பயிற்சி' என்று சமாளிக்கலாம். கேமுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. பிள்ளை ஆடினால் கெட்டுப்போகிறான், பெற்றவர் ஆடினால் பொறுப்பில்லாதவர்!

நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் கதையை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். தசைச் சிதைவு நோயோடு பிறந்தவர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கேமே கதி என்று பல வருடங்கள் இருந்தார். பெற்றோர் அன்பானவர்கள்தான். ஆனால் மகன் நண்பர்கள் இல்லாமல் தனிமையில் கிடக்கிறானே என்று அவர்களுக்குத் தீராத வருத்தம். 2014-இல், 25 வயதில் மாட்ஸ் இறந்தார். மகனின் வலைப்பதிவில் அந்தச் செய்தியைப் போட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது. 'இபெலின்' என்ற பெயரில் மகன் ஆடிய அந்த உலகத்தில் அவருக்கு நண்பர்கள் ஏராளம். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். இதை வைத்து 2024-இல் ஓர் ஆவணப்படமும் வந்தது.

அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. ஆனால் ஒன்று யோசிக்கலாம். வீட்டில் ஒருவராவது அந்தக் கேமை ஆடுகிறவராக இருந்திருந்தால்? மகனின் நண்பர்களை அவன் இருக்கும்போதே தெரிந்துகொண்டிருக்கலாமே? கேம் ஆடும் அம்மா பொறுப்பில்லாதவர் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எக்ஸ்பாக்ஸில் 2017-இல் ஒரு வசதி வந்தது. இரண்டு கன்ட்ரோலர்களைச் சேர்த்து ஒரே ஆட்டக்காரராக ஆடலாம். மகனால் முடிந்த பொத்தானை மகன் அழுத்துவான், மீதியை அம்மா அழுத்துவார். திரையில் ஓடுவது ஒரே வீரன். மறு வருடமே மைக்ரோசாஃப்ட் ஒரு தனிக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. மேலே இரண்டு பெரிய பொத்தான்கள். கால் மிதி, ஊதினால் வேலை செய்யும் சுவிட்ச் என்று அவரவர்க்கு முடிந்ததை மாட்டிக்கொள்ள 19 துளைகள். 2023-இல் சோனியும் இதேபோல ஒன்றை இறக்கியது. இதெல்லாம் மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்களும் அவர்களுக்காகப் பேசும் அமைப்புகளும் விடாமல் கேட்டதில் கிடைத்தது. கேமே தெரியாதவர் எந்தத் துளை வேண்டும் என்று எப்படிக் கேட்பார்? ஆடத் தெரிந்த அம்மாதான் உருப்படியாகக் கேட்க முடியும்.

சரி, எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. குதிரையேற்றம் செலவு பிடித்த விஷயம், எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பள்ளிக்கூடத்துக் கூட்டத்தை விட்டுவிட்டுக் குதிரை ஏறப் போனால் அது தப்புத்தான். கேமில் ஆழ்ந்துபோய்ப் பிள்ளை பசியோடு இருப்பதை மறந்தால் அதற்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பே 2019-இல் கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் என்ன? கட்டுப்பாடு போக வேண்டும், மற்ற வேலையெல்லாம் கெட வேண்டும், கெட்ட பிறகும் நிறுத்த முடியாமல் போக வேண்டும், இது பொதுவாக ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகு ஆடும் இரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில்கூட வராது.

செலவு வாதமும் அப்படித்தான். குதிரையேற்றம் பணக்காரர்களுக்கு மட்டும் என்றால், அதைப் பொதுவில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஏறுகிறவரை இறங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நேரம் போதவில்லை என்பதும் உண்மைதான். யார் தின்றார்கள் அந்த நேரத்தை? குதிரையா? ஒரே சான்றிதழை நாலு தடவை கேட்கும் அலுவலகம், சட்டத்தில் எழுதியிருப்பதைச் செய்யவைக்கவே ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டிய நிலை, கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குடும்பம்... திருடர்களின் பட்டியல் இதுதான். சாய்தளத்தை முதலிலேயே கட்டியிருந்தால் அதற்காக எழுதிய முப்பது கடிதங்களின் நேரமும் மிச்சம். இதையெல்லாம் தராசில் வைக்காமல், அம்மாவின் இரண்டு மணி நேரத்தை மட்டும் வைத்து நிறுப்பது சுத்த மோசடி.

இது அமெரிக்காவோடு முடிகிற விஷயமும் இல்லை. அந்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இலேயே ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இங்கே குதிரைக்குப் பதில் கேரம் போர்டாக இருக்கலாம், பாட்டு வகுப்பாக இருக்கலாம். "இந்தப் பிள்ளையை வச்சுக்கிட்டு இவளுக்கு இதெல்லாம் தேவையா" என்ற பேச்சு மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்த அம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவருக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று நிஜமாகவே அக்கறைப்படுகிறவர்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் போதும். "சனிக்கிழமை காலையிலே பையனை நாங்க பார்த்துக்கட்டுமா? நீங்க குதிரைக்குப் போயிட்டு வாங்க."