மலையிறங்கும் முன் டாக்சிசைக்ளின்

நோய்த்தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்குக்கு மாற்று மருந்து என்றாலே பேச்சு புதுமைகளின் பக்கம் போய்விடுகிறது. அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்ற ஸிக்ரிஸ் என்ற மருந்து, பயனில்லை என்று தெரிந்து 2011இல் திரும்பப் பெறப்பட்டது. நரம்புவழி வைட்டமின் சி உயிர் காக்கும் என்று 2017இல் எழுந்த நம்பிக்கையை 2022இல் வந்த லோவிட் ஆய்வு உடைத்தது. அதில் வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதத்தினருக்கு மரணமோ நீடித்த உறுப்புச் செயலிழப்போ நேர்ந்தது, பெறாதவர்களில் 38.5 சதவீதம்தான். ஆனால் கொல்லிமலையின் அரியூர் நாட்டில் காய்ச்சலோடு ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவருக்கு வேண்டிய மாற்று மருந்து மிகப் பழையது: டாக்சிசைக்ளின்.

காரணம், ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் இளம்பருவப் புழு கடித்துப் பரவும் இந்நோய், மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் தமிழகத்தில் கூடுகிறது. மிளகு, காபித் தோட்டங்களில் உழைப்போரிடம் மருத்துவர் இதை முதலிலேயே சந்தேகிக்க வேண்டும். கடிபட்ட இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த புண் இருக்கலாம். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தேடினால்தான் தெரியும், சிலருக்கு இருக்கவே இருக்காது. கிருமி செல்லுக்குள் வாழ்வதால், செப்சிஸுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனோ விலையுயர்ந்த மெரோபெனமோ அதைத் தொடாது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்து 2023இல் வெளியான இந்திய ஆய்வு, கடும் நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் நரம்புவழி சேர்த்துக் கொடுத்தது. மரணம், ஏழாம் நாளிலும் நீடித்த சிக்கல், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தோர், ஏதேனும் ஒரு மருந்தை மட்டும் பெற்ற இரு குழுக்களில் 47, 48 சதவீதம். கூட்டு மருந்தில் 33. இறப்பு விகிதம் மட்டும் குறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரிசோதனையில் உறுதியாகும் முன் ஆன்டிபயாடிக் கொடுப்பது மருந்து எதிர்ப்பை வளர்க்காதா? நியாயமான கவலை. சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் இதை நான் கேட்கவில்லை. ஷாக்கில் கிடப்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆன்டிபயாடிக் தரச் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. இக்கிருமியோ வழக்கமான ரத்தக் கல்ச்சரில் வளராது. எலிசா சோதனையும் முதல் வாரத்தில் பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும். குழந்தைகளின் பல் கறைபடும் என்ற பழைய அச்சத்துக்கும், குறுகிய கால டாக்சிசைக்ளின் அப்படிச் செய்வதில்லை என்ற பதில் கிடைத்துவிட்டது. செஃப்ட்ரியாக்சோனை நிறுத்தச் சொல்லவில்லை. அதனோடு இதையும் சேர்க்க வேண்டும். நாமக்கல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் முன், 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்கும் முன், செம்மேடு அரசு மருத்துவமனையிலேயே முதல் டோஸ் ஏறியிருக்க வேண்டும்.