ஒப்புமை வேறு, இணங்காமை வேறு

காளிகாட் கோயிலை ஒட்டிச் செல்லும் ஆதி கங்கையில் நகரின் கழிவுநீர் கலக்கத் தொடங்கி நெடுங்காலமாயிற்று. அத்தகைய நீரிலிருந்தோ மருத்துவமனைப் படுக்கையிலிருந்தோ ஒரு பாக்டீரியாவை எடுத்து, அதன் மரபணு வரிசையைக் கணினிக்குள் செலுத்தினால், சில நிமிடங்களில் "இன்க் எஃப்", "இன்க் சி" என்றொரு பெயர் வந்து விழும். அப்பெயர் எவ்வித விசாரணையுமின்றி ஆய்வேட்டின் அட்டவணைக்குள் ஏறிவிடுகிறது. எந்தப் பிளாஸ்மிட் எதனுடன் இணங்கவில்லை, அதைச் சோதித்தவர் யார் என்று நெறியாளரும் கேட்பதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை.

"இன்க்" என்பது இணங்காமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி. 1971-இல் நவோமி தத்தாவும் ஹெட்ஜஸும் குழுக்களை வகுத்தபோது அது ஒரு சோதனையின் முடிவாக இருந்தது. ஒரு பிளாஸ்மிடைத் தாங்கிய செல்லுக்குள் இன்னொன்றைப் புகுத்துவர்; புதியதை மட்டும் தேர்ந்தெடுக்கும் மருந்தூட்டிய ஊடகத்தில் வளர்ப்பர்; பழையது எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பர். இரண்டின் படி எண்ணிக்கையையும் ஒரே கட்டுப்பாடு ஆளுமாயின், செல்லால் அவற்றை வேறுபடுத்தி அறிய இயலாது. தலைமுறைகள் கடக்கையில் இரண்டில் ஒன்று தொலைந்துபோகும். மிக நெருங்கிய உறவினவே சேர்ந்து வாழ இயலாதவை என்பது இதிலுள்ள வியப்பு.

2005-இல் பிசிஆர் வழி ரெப்ளிகான் வகைப்பாடு வந்தது. 2014-இல் பிளாஸ்மிட்ஃபைண்டர் வந்தது. இவை காண்பது வரிசை ஒப்புமையை மட்டுமே. கருவிகளின் மீது குற்றமில்லை. இவையின்றி ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கண்காணிக்க எவராலும் இயலாது. அளவுகோலை மாற்றிவிட்டுப் பழைய பெயரையே அதற்குச் சூட்டிக்கொண்டதுதான் பிழை.

இப்பிழையின் ஆழத்தைக் கோல் இ1 பிளாஸ்மிட் காட்டும். அதன் படி எண்ணிக்கையை ஆளும் சிற்றளவு ஆர்என்ஏவில் ஒரேயொரு எழுத்து மாறினாலே, மாறிய பிளாஸ்மிட் தன் மூலத்துடன் இணங்கி வாழக்கூடும் என்பது 1981-லேயே மெய்ப்பிக்கப்பட்டது. மொழியியல் மாணவருக்கு இது புதிதன்று. "கல்", "கள்" இரண்டையும் ஓரொலியே பிரிக்கிறது. அவ்வொலியின் பங்கை ஒப்புமைச் சதவீதம் கொண்டு அளந்து ஒரே சொல் என்று எவரும் தீர்ப்பெழுதார். 95 சதவீத ஒப்புமை வரம்போ அந்த ஓரெழுத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறது.

"இன்க் ஏ/சி" இன்னும் வெளிப்படையான சான்று. நெருங்கிய உறவுடையன என்பதால் ஏ, சி என்னும் இரு குழுக்களும் நெடுங்காலம் சாய்கோட்டிட்டு ஒன்றாகவே எழுதப்பட்டன. 2018-இல் வெளிவந்த ஆய்வு இரண்டையும் ஒரே செல்லில் வைத்துப் பார்த்தது. அவை நிலையாகச் சேர்ந்து வாழ்ந்தன. புதுதில்லியின் பெயரைச் சுமக்கும் என்டிஎம் மரபணுவை ஏந்தித் திரியும் பிளாஸ்மிடுகளில் இன்க் சி வகையும் உண்டு என்பதால், இதை வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்குவதற்கில்லை.

பழைய சோதனை முறையும் தவறியதே என்று மறுப்பர். உண்மை. அச்சான்று வங்கக் கரையிலேயே இருக்கிறது. 1992-இல் சென்னையிலும், அவ்வாண்டின் இறுதியில் கொல்கத்தாவிலும் ஓ139 காலரா பரவியது. சென்னையில் கிடைத்த எம்ஓ10 என்னும் வகையில் எஸ்எக்ஸ்டி என்ற மருந்தெதிர்ப்புக் கூறு கண்டறியப்பட்டது. அதன் நெருங்கிய உறவான ஆர்391, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து 1972 முதல் ஜெ குழுவின் "பிளாஸ்மிட்" என்று வகுக்கப்பட்டிருந்தது. இரண்டுமே உண்மையில் குரோமோசோமுக்குள் தம்மைப் பொருத்திக்கொள்பவை. ஒரே இடத்தில் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே செல்லில் வாழவும் வல்லவை. 2001-இல் இதை வெளிக்கொணர்ந்ததும் சோதனையே. சோதிக்கத்தக்க கூற்றாக இருந்ததால்தான் அது பொய்க்கவும் முடிந்தது. ஒப்புமையிலிருந்து கடன்வாங்கிய "இணங்காமை"யைப் பொய்ப்பிக்க எவருக்கும் வழியில்லை, ஏனெனில் எவரும் எதையும் கூறிவிடவில்லை.

இணங்காமையைக் கொண்டே மருந்தெதிர்ப்புப் பிளாஸ்மிடை பாக்டீரியாவிலிருந்து வெளியேற்றும் முயற்சிகள் நடந்துவருகின்றன. கணினி தந்த பெயரை நம்பி அதற்கான பிளாஸ்மிடை வடிவமைப்பவர், வெளியேற்ற வேண்டியதன் அருகிலேயே இன்னொன்றைக் குடியேற்றிவிடக்கூடும். அட்டவணையின் தலைப்பில் "ரெப்ளிகான் வகை" என்று எழுதுவதற்குச் செலவேதும் இல்லை. "இணங்காமைக் குழு" என்றே எழுத விரும்புவோருக்கு வேண்டியவை அகார் தட்டுகள், இரண்டு மருந்துகள், ஏறத்தாழ ஒரு வார உழைப்பு. வரிசையறி கருவியின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது தேநீர்க் காசு.