நாற்பது சிறுமியர் எங்கே?

இரண்டு பள்ளிகள் ஒன்றாயின! நல்ல செய்திதானே என்பீர்கள். ஒன்றுபடுதல் என்ற சொல் காதில் விழுந்தாலே உவகை கொள்ளும் உள்ளம் நமக்கு. பிரிந்து கிடந்தோர் சேர்ந்தால் பூரிப்போம், பகைத்து நின்றோர் கைகோத்தால் பாராட்டுவோம். ஆயினும் தோழர்களே, இணைந்தவை எவை, எதற்காக இணைந்தன, இணைந்தபின் கதவு யாருக்குத் திறந்தது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்காமல் கைதட்டுவது பகுத்தறிவாளர் பழக்கமன்று.

இங்கிலாந்து நாட்டின் பிரிஸ்டல் நகரிலே 'ரெட் மெய்ட்ஸ்' என்றொரு பெண்கள் பள்ளி இருந்தது. 1634-இல் தோன்றியது. அதே நகரிலே 1882-இல் தோன்றிய 'ரெட்லாண்ட் ஹைஸ்கூல்' என்ற மற்றொரு பெண்கள் பள்ளியும் இருந்தது. இரண்டுமே அரசினருடையவை அல்ல, கட்டணம் வாங்கும் தனிப் பள்ளிகள். 2017 செப்டம்பரில் இரண்டும் ஒன்றாகி 'ரெட்மெய்ட்ஸ் ஹைஸ்கூல்' ஆயின. வெஸ்ட்பரி ஆன் டிரிம் என்னும் பகுதியிலுள்ள ரெட் மெய்ட்ஸ் வளாகம் புதுப் பள்ளிக்கு இருப்பிடமாயிற்று. ரெட்லாண்ட் கோர்ட் மாளிகையிலே பள்ளி மணியோசை ஓய்ந்தது. கொண்டாடினர் சிலர், கண் கலங்கினர் சிலர். வரவும் செலவும் கூட்டிப் பார்த்தனர், நிலமும் கட்டடமும் கணக்கிட்டனர். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கேட்டிலே ஒரு வரி உண்டா என்று நாம் தேடுகிறோம். நாற்பது சிறுமியர் பற்றிய வரி!

யார் அந்த நாற்பது சிறுமியர்? ஜான் விட்சன் என்பவர் பிரிஸ்டல் வணிகர். நகரத் தலைவராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1629-இல் மறைந்தார். தம் உயிலிலே பொருள் ஒதுக்கி, நகரத்துக் குடியுரிமை பெற்றோருள் இறந்துபோனவர்கள், நொடித்துப்போனவர்கள் ஆகியோரின் பெண்மக்கள் நாற்பது பேருக்கு இடமளித்து, செவ்வாடை உடுத்தி, எழுத்து வாசிக்கவும் தையல் பயிலவும் ஏற்பாடு செய்யச் சொன்னார். அந்தச் செவ்வாடையே பள்ளிக்குப் பெயராயிற்று.

விட்சனை நாம் வானளாவப் புகழ வரவில்லை. பெண்ணுக்கு வாசிக்கக் கற்றுக்கொடு என்றவர் எழுதக் கற்றுக்கொடு என்று சொல்லவில்லை. ஊசியைக் கொடு என்றார். நகரத்து உரிமை பெற்றோரின் மக்களை நினைத்தவர், அந்த உரிமையும் அற்றவரின் மக்களை நினைக்கவில்லை. ஏழை என்று எல்லாரும் அறியும்படி ஒரே நிற ஆடையைப் போர்த்திய தருமம் அது. குறை உண்டு, குறுகல் உண்டு. எனினும் அந்த ஏட்டிலே ஏழைச் சிறுமி இருந்தாள். அவளுக்காகவே ஏடு எழுதப்பட்டது.

இன்று? செவ்வாடை இருக்கிறது. தோற்றுவித்தவர் நாளன்று செந்நிறம் அணிந்து மாணவியர் ஊர்வலம் போகும் மரபு காக்கப்படுகிறது. வறுமையின் அடையாளமாக வந்த நிறம் பெருமையின் அடையாளமாகிவிட்டது. ஆடையைக் காத்தார்கள், ஆடைக்குரியவளை வாயிலிலே நிறுத்திவிட்டார்கள். கட்டணம் செலுத்தும் வல்லமை உடைய இல்லத்துப் பெண் உள்ளே நுழைகிறாள். இல்லாத இல்லத்துப் பெண், உதவித்தொகை என்னும் சிறு சாளரம் தனக்குத் திறக்குமா என்று காத்திருக்கிறாள்.

பிரிஸ்டல் மட்டுமா? 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னன் ஈட்டன் கல்லூரியை அமைத்தபோது 70 ஏழை மாணவர்க்கு இலவசக் கல்வி தருவதே நோக்கம் என்றான். இன்று ஈட்டன் என்றால் ஏழை நினைவுக்கு வருகிறானா, சீமான் நினைவுக்கு வருகிறானா? இத்தகைய பழம்பெரும் பள்ளிகளுக்கு அந்நாட்டிலே 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர். பொதுப் பள்ளியாம்! பொதுமக்கள் நுழைய முடியாத இடத்துக்குப் பொதுப் பெயர். அந்தப் பெயரின் மோகம் கடல் கடந்து நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளிலும் ஏறி உட்கார்ந்திருப்பதால்தான் பிரிஸ்டல் கதை நமக்கும் பாடமாகிறது.

ஏன் இணைகின்றன இப்பள்ளிகள்? அன்பு மேலிட்டா? இல்லை. 1968-இல் மார்ல்பரோ கல்லூரி தன் மேல்வகுப்பிலே பெண்களைச் சேர்த்தது. ஆண்களுக்கென்றே இருந்த பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழி நடந்தன. பெண்ணைச் சமமாக மதித்ததால் சேர்த்தவர் சிலர் இருக்கலாம். காலியான இடங்களை நிரப்பச் சேர்த்தவரும் உண்டு. விளைவு, பெண்கள் பள்ளிகளின் மாணவியர் தொகை அரிக்கப்பட்டது. கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று, 2008-இன் பொருளாதாரச் சரிவு பெற்றோரின் மடியைத் தடவிப் பார்த்தது. ஒரே நகரிலே, ஒரே வகுப்பாரின் பெண்களை நாடி இரண்டு பள்ளிகள் போட்டியிட இயலவில்லை. நியூகாசில் நகரிலும் இதே கதைதான். 1885-இல் பிறந்த சர்ச் ஹைஸ்கூலும் 1895-இல் பிறந்த சென்ட்ரல் ஹைஸ்கூலும் 2014-இல் ஒன்றாயின. பின்னது ஏற்கெனவே பெண்கள் பள்ளிகள் பலவற்றை நடத்தும் ஓர் அறக்கட்டளைக் குழுமத்தைச் சேர்ந்தது. புதுப் பள்ளியும் அக்குழுமத்துக்குள் அடங்கியது. 1872-இல் அந்தக் குழுமம் தோன்றியபோது, மிதமான கட்டணத்தில் பெண்களுக்கு உயர்ந்த கல்வி தருவதே முழக்கம். முழக்கம் நல்லது. மிதம் எங்கே போயிற்று?

இணைவது தவறு என்று நாம் கூறவில்லை. ஆசிரியத் தொழிலிலே இருக்கும் நமக்கு, பத்துப் பேருக்கு ஓர் ஆய்வுக்கூடம் வைப்பதைவிட நூறு பேருக்கு ஒன்று நல்லதாக வைப்பது மேல் என்று தெரியும். நூலகம் பெருகும், பாடங்கள் பெருகும், ஆசிரியர் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வர். ஆனால் மதிலுக்குள் இருந்த இருவர் சேர்ந்து மதிலை உயர்த்திக்கொண்டால் அதற்கு ஒற்றுமை என்று பெயரா? இரண்டு கோட்டைகள் இணைந்தால் பெரிய கோட்டை பிறக்கும், ஊர் பிறக்காது!

'எங்கள் பணம், எங்கள் பிள்ளை, எங்கள் பள்ளி, உங்களுக்கென்ன?' என்று கேட்பார்கள். உங்கள் பணம் மட்டுமா அது? அறநிறுவனம் என்ற பெயரால் இங்கிலாந்திலே இப்பள்ளிகளுட் பல, கட்டட வரியிலே 80 விழுக்காடு தள்ளுபடி பெற்று வந்தன. 2025 ஏப்ரலில்தான் அச்சலுகை நீங்கியது. கட்டணத்தின் மீது 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டதும் 2025 ஜனவரி முதல் நாளன்றுதான். அதுவரை தள்ளிவிடப்பட்ட வரியின் சுமையைத் தூக்கியவர் யார்? தம் பிள்ளையை அந்த வாயிலுக்கு அருகிலும் அனுப்ப முடியாத பேருந்து ஓட்டுநரும், துப்புரவுத் தொழிலாளியும், மருத்துவமனைத் தாதியும் அல்லவா? ஏழை வரி கட்டினான், செல்வன் சலுகை பெற்றான், இரண்டுக்கும் நடுவே அறம் என்ற சொல் காவல் நின்றது.

'உதவித்தொகை தருகிறோமே' என்பார்கள். தருகிறார்கள், மறுக்கவில்லை. எவ்வளவு? 2011-இல் அந்நாட்டு மேல் தீர்ப்பாயம், ஏழைகளை முற்றாக விலக்கும் பள்ளி அறநிறுவனமாக இருக்க முடியாது, பெயரளவுக்கு ஏதோ செய்தால் போதாது என்றது. ஆனால் அந்த எல்லைக்கு மேலே எவ்வளவு என்பதை அறங்காவலரே முடிவு செய்யலாம் என்றும் சொல்லிவிட்டது. கொடுக்க வேண்டியவனையே கொடுக்கும் அளவைத் தீர்மானிக்கச் சொன்னால் மரக்கால் சுருங்குமா, பெருகுமா?

விளைவைப் பாருங்கள். பிள்ளைகளிலே ஏறக்குறைய 7 விழுக்காட்டினரே தனிப் பள்ளிகளில் பயில்கின்றனர். ஆனால் 2019-இல் சட்டன் அறக்கட்டளையும் சமூக முன்னேற்ற ஆணையமும் வெளியிட்ட அறிக்கைப்படி, உயர் நீதிபதிகளில் 65 விழுக்காட்டினரும், அரசுத் துறைகளின் நிரந்தரச் செயலாளர்களில் 59 விழுக்காட்டினரும், பிரபுக்கள் சபையினரில் 57 விழுக்காட்டினரும் தனிப் பள்ளியில் படித்தவர்கள். நூற்றுக்கு ஏழு பேர் நாட்டின் நாற்காலிகளிலே பாதிக்கு மேல் அமர்ந்திருக்கிறார்கள்! பிறப்பிலே மேன்மை என்று இங்கே சாத்திரம் சொல்லிற்று. அங்கே சாத்திரம் தேவைப்படவில்லை, சேர்க்கைப் படிவமும் கட்டண ரசீதும் போதுமாயின.

வழி தெரியாமல் இல்லை அந்நாட்டார்க்கு. 1968-இல் நியூசம் குழு, தகுதியான உறைவிடப் பள்ளிகள் தம் இடங்களில் பாதியையேனும் உதவி பெறும் மாணவர்க்கு வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அலமாரியில் உறங்கிற்று. எழுப்பும் துணிவு ஆட்சியாளர் எவருக்கும் வரவில்லை.

இப்போது வரி வந்திருக்கிறது; எதிர்த்துத் தொடுத்த வழக்கும் 2025 ஜூனில் உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. இணைப்புச் செய்திகள் இனியும் வரும். பள்ளி மூடப்பட்டால் தவிப்பது பிள்ளைகளும் ஆசிரியர்களும். அந்தத் தவிப்பிலே நாம் மகிழ்ச்சி தேடவில்லை. இணையட்டும். ஆனால் அறத்தின் பெயரால் வாழ்ந்த பள்ளிகள் இணையும் நாள், கணக்குக் காட்டும் நாளாகவும் ஆகவேண்டும் என்கிறோம். எந்த உயிலிலே எவருக்கென்று பொருள் எழுதப்பட்டது, இன்று எத்தனை ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கின்றனர் என்பதை ஊரறிய வெளியிடட்டும். இணைப்பால் மிச்சமாகும் பணத்திலே, விற்கும் நிலத்தின் விலையிலே, இலவச இடங்களுக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிடட்டும். முடிவெடுக்கும் மேசையிலே அறங்காவலர் மட்டுமின்றி ஆசிரியரும் நகர மக்களும் அமரட்டும். அளவை நிர்ணயிக்கும் உரிமை சட்டத்திடம் இருக்கட்டும், கொடையாளியின் மனநிலையிடம் வேண்டாம்.

ஏனெனில் கல்வி பிச்சையன்று. நாற்பது பேருக்கு இடுவதும் எழுபது பேருக்கு இடுவதும் அன்று தருமமாக இருந்திருக்கலாம். இன்று எல்லார்க்கும் உரியது அது. உயர்ந்த பள்ளி என்பது உயர்ந்தோரின் பள்ளி என்று பொருள்படும் வரையில், எத்தனை பள்ளிகள் எத்தனை முறை இணைந்தாலும் சமுதாயம் இரண்டாகவே கிடக்கும். இளைஞர்களே, இங்கும் எங்கும் பள்ளிகள் சேரும் செய்தி வரும்போது பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். வாயிலைப் பாருங்கள். நாற்பது சிறுமியர் எங்கே என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!